நாலாம் ஓட்டை

1964 ஜூன் 10, புதன்

பாப்பாவுக்கு இரண்டு நாளாக உடம்பு கதகதவென்று இருக்கிறது. பல் முளைக்குது, அம்புட்டுத்தான் என்கிறாங்க மாமி. எனக்கு அது போதவில்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்து, என் கைச்சூடு எது, அவள் சூடு எது என்றே தெரியாமல் போய்விட்டது.

சாயங்காலம் மாதர் சங்கத்துச் செயலாளர் இஞ்ஞாசியம்மாள் வீட்டுக்கு வந்தார். ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவர். எதிரில் யார் உட்கார்ந்திருந்தாலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையாகத்தான் பார்ப்பார். "நீ மெட்ராஸ்ல கம்ப்யூட்டரா இருந்தவளாமே?" என்று ஆரம்பித்தார். மாமிக்கு முகம் மாறிவிட்டது. மருமகளைப் பற்றி வேண்டாத சங்கதி எதுவோ வெளியே வருகிறது என்று நினைத்துவிட்டாங்க. கம்ப்யூட்டர் என்பது உத்தியோகத்தின் பேர், புள்ளிவிவர ஆபீசில் நாளெல்லாம் கணக்குப் போட்ட எங்களை அப்படித்தான் கூப்பிட்டார்கள் என்று விளக்கினேன். கல்யாணத்துக்கு முன்னால், ஒரே ஒரு வருஷம். கனவு மாதிரி இருக்கிறது இப்போது.

விஷயம் இதுதான். மதுரையில் ஒரு மில்லில் கூலிக் கணக்கையும் சரக்குக் கணக்கையும் இனிமேல் மெஷின் பார்க்கப் போகிறதாம். அந்த மெஷினுக்கு எழுத்து தெரியாது. அட்டையில் துளை போட்டுக் கொடுத்தால்தான் படிக்கும். துளை போடப் பெண்கள் வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. படித்துவிட்டு வீட்டில் இருக்கும் நம் திண்டுக்கல் பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுத்தால், தீபாவளிக்கு முன்னால் மில் ஆள் இங்கேயே வந்து பரீட்சை வைத்து இரண்டு பேரை எடுத்துக்கொள்வாராம். நாகல் நகரில் சங்கத்து அறை இருக்கிறது. எட்டுப் பேருக்குக் குறைந்தால் அறை டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்விடும்.

"புள்ளைய யாரு பாக்குறது?" என்றாங்க மாமி.

"நீங்கதாம்மா" என்றார் இஞ்ஞாசியம்மாள். அதோடு முடிந்தது.

மெஷின் உண்டா என்று கேட்டேன். இல்லையாம். மெஷின் இல்லாமல் மெஷின் பாடம்.

ஜூன் 13, சனி

சரி என்று சொல்லியிருக்கக் கூடாது. கரும்பலகையில் கட்டம் போட்டு, இதுதான் அட்டை, இங்கே துளை விழும் என்றால் எந்தப் பெண் இரண்டாம் நாள் வருவாள்? நானே வரமாட்டேன்.

மத்தியானம் பாப்பாவைத் தொட்டிலில் ஆட்டும்போது ஞாபகம் வந்தது. மெட்ராஸில் பெரிய மெஷினைத் தனி அறையில் பூட்டி வைத்திருப்பார்கள். எங்களுக்குக் கொடுத்தது கம்பி அட்டை. அட்டையின் மேல் விளிம்பில் வரிசையாக ஓட்டைகள். ஒவ்வோர் ஓட்டையும் ஒரு கேள்வி. பதில் 'ஆமாம்' என்றால் அந்த ஓட்டையை விளிம்பு வரைக்கும் வெட்டித் திறந்துவிட வேண்டும். இல்லையென்றால் அப்படியே விடலாம். கட்டாக அடுக்கி ஓர் ஓட்டைக்குள் கம்பியை விட்டுத் தூக்கினால், 'ஆமாம்' எல்லாம் கீழே விழும். 'இல்லை' எல்லாம் கம்பியில் தொங்கும். அவ்வளவுதான். மெஷின் செய்வதும் இதுவேதான், வேகமாகச் செய்கிறது.

கடையடைத்து வந்த இவங்களிடம் ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னேன். இவங்களுக்குத் தோல் வியாபாரம். பாதி கேட்டதும் எழுந்து போய், பெல்ட்டுக்கு ஓட்டை போடுகிற குறட்டைக் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைச்சாங்க. "இது போதுமா, இல்ல மாட்டுத்தோலுக்கு உள்ளது வேணுமா?"

மாமிக்குப் பொறுக்கவில்லை. "ஓட்டை போடுறதுக்கா இவ அத்தா பி.எஸ்ஸி. படிக்க வச்சாரு?"

ஜூன் 17, புதன்

சின்னாளப்பட்டி சேலைக் கடையிலிருந்து காலி அட்டைப்பெட்டிகள் வந்து சேர்ந்தன. இவங்களுடைய பழைய குடையை உடைத்துக் கம்பி எடுத்தாயிற்று. கூடம் முழுக்க வட்ட வட்டமாக அட்டைப் பொட்டுகள்.

பாப்பா அதில் ஒன்றை விழுங்கிவிட்டாள். ஒன்றா, அதிகமா? வாயில் விரலை விட்டுத் துழாவினேன், இரண்டு கையில் வந்தது. டாக்டரிடம் போகணும் என்று அழுதேன். அட்டைதானே, கரைஞ்சு போயிரும் என்று மாமி முதுகைத் தட்டிக் கொடுத்தாங்க. பாப்பா முதுகை அல்ல, என் முதுகை.

இனி முற்றத்தில் உட்கார்ந்துதான் வெட்ட வேண்டும்.

ஜூன் 22, திங்கள்

முதல் வகுப்பு. பத்துப் பேர். சொல்லி வைத்திருந்த முதல் வாக்கியம் மறந்துபோனது.

என்னைக் காப்பாற்றியவள் லூர்தம்மாள். ரயில்வேக்காரர் மனைவி, சும்மா இருக்கத் தெரியாதவள். ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்து, வீட்டில் தையல் மெஷின் இருந்தால் முதல் ஓட்டையை வெட்டச் சொன்னேன். கோழி இருந்தால் இரண்டாவது. மாமியாரோடு இருந்தால் மூன்றாவது. எல்லாவற்றையும் சேர்த்து அடுக்கி, கம்பியை அவள் கையில் கொடுத்தேன். மூன்றாம் ஓட்டையில் விட்டுத் தூக்கினாள். பொலபொலவென்று விழுந்தது. அவள் அட்டை மட்டும் மேலே தொங்கியது.

"பாத்தீகளா, நான் ஒருத்திதான் தப்பிச்சேன்" என்றாள். அதற்கப்புறம் அறையில் பேசக் கூச்சப்பட்டவர் யாரும் இல்லை.

குர்ஷித் பேகம் என்று ஒரு புதுப்பெண், கல்யாணமாகி ஆறு மாதம். துப்பட்டிக்குள்ளிருந்து கையை மட்டும் நீட்டி அட்டை வாங்கினாள். வகுப்பு முடியும்போது அவளும் கம்பியைக் கேட்டாள்.

ஜூலை 8, புதன்

முத்துப்பேச்சியைப் பற்றி எழுத வேண்டும்.

ஒட்டன்சத்திரம் பக்கம் தக்காளித் தோட்டக்காரர் மகள். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். கட்டிக் கொடுத்தது இங்கே, பூக்கட்டி விற்கும் ஒச்சம்மாள் மகனுக்கு. அவன் கொழும்புக்குக் கடைவேலைக்குப் போனான். மூன்று வருஷமாகக் கடுதாசி இல்லை. இருக்கிறானா என்று கேட்டுச் சொல்லவும் ஆள் இல்லை. மாமியாரும் மருமகளுமாகப் பூக்கட்டிச் சாப்பிடுகிறார்கள்.

வகுப்பில் எல்லோரும் ஒரு ஓட்டை, ஒரு கேள்வி என்று நிற்கும்போது, அவள் ஒரே நேரத்தில் இரண்டு ஓட்டையில் இரண்டு கம்பி விட்டுத் தூக்கினாள். கோழியும் தையல் மெஷினும் இரண்டும் உள்ள வீடு மட்டும் விழுந்தது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. எப்படித் தோன்றியது என்றேன். "தொடுக்கையில மல்லியும் மரிக்கொழுந்தும் சேத்துத்தான எடுக்கிறோம் டீச்சர்" என்று சாதாரணமாகச் சொன்னாள்.

மில்லுக்குப் போவது இவள்தான். வேறு யார் போனாலும் போகாவிட்டாலும் இவள் போக வேண்டும். அந்த வீட்டில் அந்தச் சம்பளம் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

ஜூலை 17, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. பாதிப் பேர் தலை குளித்து, மஞ்சள் பூசி, பூ வைத்து வந்திருந்தார்கள். இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்றால் அப்போது இதையெல்லாம் நான் கவனிக்கவில்லை என்பதால்தான். பாப்பாவுக்கு மறுபடி சளி. புத்தி வீட்டில் இருந்தது.

நிஜமான கணக்கெடுப்பு மாதிரி ஒரு பயிற்சி வைத்தேன். அட்டையின் நடுவில் ஊர், வயது, படிப்பு, கணவர் பெயர் எழுதச் சொன்னேன். கல்யாணம் ஆகியிருந்தால் மூன்றாம் ஓட்டையை வெட்டுங்கள். கணவர் பெயர் எழுதியிருந்தால் நாலாம் ஓட்டையை வெட்டுங்கள். மெட்ராஸ் ஆபீசில் இருந்த முறை அப்படியே. கல்யாணம் ஆனவர், ஆனால் கணவர் விவரம் இல்லை என்றால் விதவை என்று பிரிக்க வேண்டும். அங்கே அது வெறும் பெட்டி, மேலே ஒரு சீட்டு.

மூன்றாம் ஓட்டையில் கம்பி விட்டேன். எல்லா அட்டையும் விழுந்தது. எடுத்து அடுக்கி, நாலாவதில் விட்டுத் தூக்கினேன். ஒன்றுகூட விழவில்லை. மொத்தமும் கம்பியில் தொங்கியது.

நான் சிரித்தேன். சத்தமாக வேறு சொன்னேன்: "தொங்குறதெல்லாம் விதவை."

யா அல்லாஹ், என் வாயை என்ன செய்ய.

லூர்தம்மாள்கூடச் சிலுவை போட்டுக்கொண்டாள். யாரோ ஒருத்தி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். முத்துப்பேச்சி எழுந்து, தலையிலிருந்த பூ சரிந்தது தெரியாமல், வெளியே போனாள். செருப்பைக்கூடப் போடவில்லை.

ஒருத்தியும் புருஷன் பேரை எழுதவில்லை. ஆகவே ஒருத்தியும் நாலாவதை வெட்டவில்லை. நான் சொன்னதைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். எந்தப் பொம்பள புருஷன் பேரை வாயால சொல்லுவா, கையால எழுதுவா? இது எனக்குத் தெரியாதா? நான் என்ன லண்டன்லயா பொறந்தேன்?

ஜூலை 18, சனி

பாப்பாவுக்கு இருமல். சாப்பிடவில்லை, அவளும் நானும்.

ஜூலை 20, திங்கள்

மூன்று பேர் வந்தார்கள். மூவரும் வாசல் பக்கமாகவே உட்கார்ந்தார்கள்.

பாதி வகுப்பில் ஒச்சம்மாள் வந்தாள், பூக்கூடை இடுப்பில். நான் வணக்கம் சொன்னதை வாங்கிக்கொள்ளவில்லை. மருமகள் விட்டுப்போன செருப்பை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். கத்தவும் இல்லை. "கடல் தாண்டிப் போனவன் எங்க இருக்கானோன்னு தினம் விளக்கேத்தி வச்சிட்டுப் படுக்கிறவ நானு. நீ என்னடான்னா அட்டையில ஓட்டை போட்டு எம்மகனைக் கொன்னுபுட்ட" என்றாள். போய்விட்டாள்.

இஞ்ஞாசியம்மாள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். டைப்ரைட்டிங் மாஸ்டர் அறையை அளந்து பார்த்துவிட்டுப் போனார் என்று மட்டும் சொன்னார். ஆகஸ்டு கடைசி வரைக்கும் பார்ப்பாராம்.

ஜூலை 22, புதன்

இன்று ஒருவருமில்லை. அலமாரியில் கிடந்த அந்த அட்டைக்கட்டை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான்.

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சிலர் கணவர் பெயர் என்ற இடத்தில் கோடு போட்டிருக்கிறார்கள். குர்ஷித் ஒரு பூ வரைந்திருக்கிறாள். லூர்தம்மாள் 'அவுக' என்று எழுதியிருக்கிறாள். முத்துப்பேச்சி அந்த இடத்தில் பென்சிலை வைத்து எடுத்த புள்ளி மட்டும்.

கட்டின் அடியில் ஒன்று. மாதிரிக்காக நான் நிரப்பிய முதல் அட்டை. ஊர் திண்டுக்கல், வயது 24, படிப்பு பி.எஸ்ஸி. கணிதம். கணவர் பெயர் — வெறும் இடம். நாலாம் ஓட்டை வெட்டப்படவில்லை.

நானும் தொங்கியிருக்கிறேன். சிரித்துக்கொண்டு தூக்கிய கம்பியில் நானும்தான்.

இந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். கல்யாணமாகி இரண்டரை வருஷம். ஓர் இடத்தில்கூட அந்தப் பேரை எழுதவில்லை. எல்லாம் இவங்க, இவங்க, இவங்க. மரியாதை என்பார்கள் எங்கள் வீட்டில். ஆயுசு அல்லாஹ் கையில் இருக்கிறது, பேரைச் சொல்வதில் இல்லை என்று பள்ளிவாசல் ஹஜரத் சொல்லியும் கேட்டிருக்கிறேன். ஆனால் இப்போது எழுதலாமே என்று பேனாவை வைத்தால் கை போகவில்லை. அது மரியாதையா? எனக்கு அப்படித் தெரியவில்லை.

ஜூலை 25, சனி

இவங்களிடம் முழுதும் சொன்னேன். விதவை என்று வாசித்ததையும், என் அட்டையும் அதில் இருந்ததையும். கோபப்படுவாங்க என்று நினைத்தேன். "அப்ப ஒரு வாரமா நான் மௌத்தாகித்தான் கடைக்குப் போய் வந்துக்கிட்டிருக்கேனா?" என்றாங்க.

மாமி அடுப்படியிலிருந்து "அந்தப் பேச்சை எடுக்காதே அத்தா" என்று மகனை அதட்டினாங்க. ஆனால் பிறகு என்னிடம் வந்து, தணிந்த குரலில், நிக்காஹ் வீட்டில் பெண்ணைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு மாப்பிள்ளை பேரைச் சொல்ல வைக்க என்ன பாடுபடுத்துவார்கள் என்று சொல்லிச் சிரிச்சாங்க. ஜாடை காட்டுவார்களாம், பழத்தின் பேர், நபி பேர் என்று சுற்றி வளைப்பார்களாம். மாமி கடைசி வரைக்கும் சொல்லவில்லையாம். விரலால் தரையில் ஒரே ஓர் எழுத்து எழுதிக் காட்டினாங்களாம்.

ஓர் எழுத்து.

ஜூலை 27, திங்கள்

அட்டையை மாற்றிவிட்டேன். கணவர் பெயருக்கு எழுத இடமே இல்லை. நாலாம் ஓட்டை இனி கணவர் இருக்கிறாரா என்பதற்கு மட்டும்; பேருக்குப் புதிதாக நாலு ஓட்டை. அவற்றின் மேல் 7, 4, 2, 1 என்று எழுதியிருக்கிறேன். சுவரில் ஒரு படம்: அ வரிசைப் பேருக்கு 1, க வரிசைக்கு 2, ச 3, த 4, ந 5, ப 6, ம 7, ர 8, வ 9. உங்கள் வீட்டுக்காரர் பேர் ப என்று தொடங்கினால் ஆறு. ஆறு என்று ஓட்டை இல்லை. நாலையும் இரண்டையும் வெட்டுங்கள். ஒன்பது வேண்டுமா, ஏழும் இரண்டும். எந்த எண்ணும் இந்த நாலுக்குள் அடங்கிவிடும். எழுத்தை எண்ணாக்கு, எண்ணைத் துளையாக்கு. மில் மெஷினுக்கும் இதுதான் பாஷை. இத்தனை நாள் இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு வழி தேடிக்கொண்டிருந்தேன்.

லூர்தம்மாள் வீட்டுக்கே போய்க் காட்டினேன். மூன்று நிமிஷம் முறைத்துப் பார்த்தாள். பிறகு குறட்டை வாங்கி 1-ஐ வெட்டினாள். "வாயைத் தொறக்காம சொல்லிப்புட்டேனே டீச்சர்" என்றாள். மற்றவர்களைக் கூட்டி வருவது அவள் பொறுப்பு.

ஆகஸ்ட் 5, புதன்

ஏழு பேர். அறைக்குள் கல்யாண வீட்டுச் சத்தம்.

குர்ஷித்தின் அட்டையைக் கம்பியில் பிடித்தார்கள். 2 விழுகிறது, 1 விழுகிறது. மூணு, ச வரிசை! சாகுலா, சிக்கந்தரா, சுலைமானா என்று சுற்றி நின்று கேட்க, அவள் துப்பட்டிக்குள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். சேக் என்றதும் ஆட்டம் நின்றது. "அப்ப சேக் என்னங்கடி? ரெண்டாம் பேருக்கும் ஓட்டை போடு" என்று பிடித்துக்கொண்டார்கள். ரெண்டாம் பேர் ப வரிசை. சேக் பரீது என்று கண்டுபிடித்தவளுக்கு முறுக்கு.

யாருக்கும் இது பாடம் என்று தோன்றவில்லை. எண் கூட்டுவதில் தப்பினால் பக்கத்தில் இருப்பவளே திருத்துகிறாள், ஏனென்றால் தப்பினால் வேறொருத்தர் பேர் வந்துவிடும். இஞ்ஞாசியம்மாள் எட்டிப் பார்த்து, இது வகுப்பா, வளைகாப்பா என்றார்.

ஏழு. எட்டாவது இடம் சும்மா இருக்கிறது. போய்க் கூப்பிடத் தைரியம் இல்லை. பாப்பா அழுகிறாள்.

ஆகஸ்ட் 19, புதன்

போனேன். பாப்பாவையும் இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். பிள்ளையோடு போனால் கொஞ்சம் குறைவாகத் திட்டுவாள் என்ற நப்பாசை.

ஒச்சம்மாள் உட்காரச் சொல்லவில்லை. ஆனால் பாப்பா அவள் பூக்குவியலில் கையை விட்டு அள்ளியதும் தட்டிவிடவும் இல்லை. முத்துப்பேச்சி நார் கிழித்துக்கொண்டிருந்தாள். நான் வாசித்தது தப்பு, அந்தச் சீட்டே தப்பு என்று சொன்னேன். பெயர் எழுத வேண்டியதில்லை இப்போது, எண் மட்டும்தான் என்றேன்.

முத்துப்பேச்சி நிமிரவில்லை. "பேருக்கு ஓட்டை வச்சிட்டீக. சரி. ஆளு இருக்கா இல்லையான்னு ஒரு ஓட்டை இருக்குமே, அதுல நான் என்ன செய்யட்டும்? வெட்டினா இருக்காருன்னு அர்த்தம். வெட்டாட்டி இல்லைன்னு அர்த்தம். எனக்குத் தெரியாது டீச்சர். தெரியாததுக்கு உங்க அட்டையில இடம் இருக்கா?"

இல்லை. மெட்ராஸிலும் இல்லை. நாளெல்லாம் கணக்குப் போட்ட எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை.

குறடு என் பையிலேயே இருந்தது. அவள் முன்னாலேயே ஒரு வெற்று அட்டையில், நாலாம் ஓட்டைக்குப் பக்கத்தில் இன்னொன்று போட்டேன். மேலே 'தெரியாது' என்று எழுதினேன். இனி எல்லா அட்டையிலும் இது இருக்கும் என்றேன். அவள் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டாள். வெட்டவில்லை.

எழுந்து வரும்போது ஒச்சம்மாள் கேட்டாள், என்னிடம் அல்ல, பாப்பாவைப் பார்த்து: "தெரியாதுன்னா, செத்தான்னு ஆகாதுல்ல?"

ஆகாது என்றேன்.

ஆகஸ்ட் 21, வெள்ளி

எட்டு.

செப்டம்பர் 16, புதன்

நாட்கள் ஓடுகின்றன. எழுத நேரமில்லை. சரிபார்க்க ஒரு வழி: ஒரே கணக்கை இரண்டு பேர் தனித்தனியாகத் துளைத்து, இரண்டு அட்டையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். வெளிச்சம் வராத ஓட்டை தப்பு. முத்துப்பேச்சி இதில் யாரையும் விடுவதில்லை. என் தப்பையும் ஒன்று பிடித்தாள்.

பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். விழுந்து நெற்றியில் வீக்கம். ராத்திரி மூன்று தடவை எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். இவங்க, "வெளிச்சத்துல புடிச்சுப் பாரேன்" என்று தூக்கத்தில் சொல்றாங்க.

அக்டோபர் 28, புதன்

மில் ஆள் வந்துவிட்டுப் போனார். பேர் அருள்நாதன், மெஷின் பிரிவுக்குப் பொறுப்பானவர். ஒரு மரப்பெட்டியில் கைத்துளைப்பான் கொண்டுவந்திருந்தார், சாவிகளோடு, சின்ன ஹார்மோனியப் பெட்டி அளவு. நிஜ மில் அட்டையும். எங்கள் அட்டையை விட மெல்லிசு, துளை எல்லாம் நீள்சதுரம். நம் பெண்கள் அதைத் தொட்டுப் பார்த்து, இதுக்குப் போயா பயந்தோம் என்கிற மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எல்லோரையும் உட்கார வைத்துக் கூலிக் கணக்கு ஒன்று கொடுத்து, ஒவ்வொருவராக மெஷினில் துளைக்கச் சொன்னார். முதலில் சாவியை ஓங்கி ஓங்கி அடித்தார்கள் - தோல் குறட்டில் பழகிய கை. அவர் முகம் சுளித்தார். போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் முடித்ததும், யாரும் சொல்லாமலே, இரண்டிரண்டு பேராக எழுந்து ஜன்னலுக்குப் போய் அட்டைகளைச் சேர்த்துப் பிடித்தார்கள். தப்பைத் தாங்களே எடுத்து வைத்துவிட்டு வேறு அட்டை கேட்டார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மதுரையில் இதைப் பழக்க ஆறு மாசம் ஆகுது என்றார்.

பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விவரம் கேட்டார். கணவர் பெயர் என்றதும் லூர்தம்மாள் சிரித்துக்கொண்டு தன் அட்டையை நீட்டினாள். குர்ஷித்தும் அப்படியே. அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் சுவரில் இருந்த படத்தைக் காட்டி விளக்கினேன். எண்ணைக் கூட்டிப் பேர் கண்டுபிடிக்க அவரும் இறங்கிவிட்டார். லூர்தம்மாள் வீட்டுக்காரர் அந்தோணி என்று அவரே கண்டுபிடித்தபோது அறையே சிரித்தது. பக்கத்து ஓட்டையைக் காட்டி இது என்ன என்றார். தெரியாது என்பதற்கு என்றேன். மில் அட்டையை எடுத்துப் பார்த்து, மெஷினில் இதற்கு ஒரு இடம் விட்டிருக்கிறார்கள், நாங்கள்தான் உபயோகிப்பதில்லை என்றார்.

கடைசியில் முத்துப்பேச்சி. வாசலில் ஒச்சம்மாள், கூடையோடு. துணைக்கு வந்தவள், உள்ளே வரமாட்டேன் என்று நின்றிருந்தாள்.

"கணவர் பெயர்?"

அவள் கையில் அட்டை இருந்தது. நீட்டவில்லை.

"வேலுசாமி" என்றாள்.

வாயால். எல்லோருக்கும் கேட்க. நான் வாசலைப் பார்த்தேன். ஒச்சம்மாள் கூடையை ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள்.

"ஆமா. வேலுசாமி. நாந்தான் வச்ச பேரு" என்றாள்.

திரும்பும்போது முத்துப்பேச்சி தெருமுனை வரைக்கும் கூட வந்தாள். ஏன் சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "சொன்னா ஆயுசு குறையும்னாக. மூணு வருஷமா சொல்லாமத்தான இருந்தேன். அதுக்காக ஒரு கடுதாசி வந்துச்சா?" பிறகு, "எப்படியாப்பட்ட பேரு அது. மறந்துருமோன்னு இருந்துச்சு டீச்சர்."

நவம்பர் 2, திங்கள்

இரண்டு பேர்: முத்துப்பேச்சி, லூர்தம்மாள். ஜனவரியிலிருந்து. வகுப்பு தொடரலாம் என்று இஞ்ஞாசியம்மாள் வந்து சொன்னார். டைப்ரைட்டிங் மாஸ்டருக்கு வேறு இடம் பார்த்துவிட்டாராம்.

பேப்பரில் இலங்கைச் சேதி. அங்கே இருக்கும் நம் ஆட்களில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்ப ஒப்பந்தமாகியிருக்கிறது. முத்துப்பேச்சி அந்தப் பக்கத்தை என்னிடம் வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். நம்பிக்கையா என்று முகத்தில் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அவள் அட்டையில் 'தெரியாது' இப்போது வெட்டியிருக்கிறது. சுத்தமான வெட்டு.

நவம்பர் 12, வியாழன்

காலை. இவங்க அய்யலூர் சந்தைக்குப் போயிருக்காங்க. வியாழக்கிழமை ஆட்டுச்சந்தை, தோலுக்கு ஆள் பேசி வைக்கணும். பாப்பா தூங்குகிறாள். நேற்று இரண்டு அடி எடுத்து வைத்தாள், யாரையும் பிடிக்காமல்.

அடுத்த வாரம் புதுப் பெண்கள் வருகிறார்கள். மாதிரி அட்டையை நிரப்பினேன். க வரிசை, இரண்டு, வெட்டினேன். அட்டைக்கு அது போதும். ஆனால் முத்துப்பேச்சி அந்த அறையில் அப்படி நின்றது ரெண்டு வாரமாக என்னை விடவில்லை. வாயால் இன்னும் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

கிதர் முகம்மது.

எழுதிவிட்டேன். நல்ல பேர்.

அன்றே, சாயங்காலம்.

மழை பிடித்துவிட்டது. நாலு மணி பஸ்ஸில் வருவதாகச் சொன்னாங்க. வரவில்லை. அடுத்த பஸ்ஸும் வந்துபோன சத்தம் கேட்டது. அய்யலூர் ரோட்டில் தரைப்பாலத்தில் தண்ணீர் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். மாமி கதவைத் திறந்து திறந்து பார்க்கிறாங்க.

இன்னைக்குப் பார்த்தா எழுதணும்? இம்புட்டு நாள் எழுதாம இருந்தவ இன்னைக்குப் பார்த்தா?

பேனாவை எடுத்து அந்தப் பேர் மேல் வைத்தேன். ஒரு கோடு போட்டால் ஆயிற்று. மை ஒரு பொட்டாக இறங்கியது. கையை எடுத்துவிட்டேன். பேரை அடித்தால், வந்த பிறகு என்னவென்று சொல்வேன்? வராவிட்டால் — இல்லை. அதை எழுத மாட்டேன். தெரியாது. இப்போதைக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரியாததுக்கும் ஓர் இடம் உண்டு.

பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வந்துட்டாங்க. லாரியில். சட்டை பிழிகிற மாதிரி நனைஞ்சு, ஆட்டு வாடையோடு. பாப்பா இறங்கி மூன்று அடி நடந்து போய் ஈரக் காலைப் பிடித்துக்கொண்டாள். மாமி துண்டைத் தேடுறாங்க. நான் சுடுதண்ணீர் வைக்கப் போகணும்.